கீழ்க்கணக்கு மேலே இருக்கிறது

எங்கள் தோட்டத்தில் கீழ்க்கணக்கு மேலே இருக்கிறது, மேற்கணக்கு கீழே இருக்கிறது. வெளியாட்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். எங்களுக்கு இதில் சிரிக்க எதுவுமில்லை, பிறந்ததிலிருந்தே அப்படித்தான். தோட்டத்தின் ஒரு பிரிவைக் கணக்கு என்பது மலையகத்துப் பேச்சு. ஒவ்வொரு கணக்குக்கும் அதற்கென்று தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள், ஒரு கோயில், பறித்த கொழுந்தை நிறுக்க ஒரு மடுவம். டிக்கோயாவைத் தாண்டி ஒரு சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு கட்டை, அதாவது நாலு மைல், நடந்தால் தேயிலைத் தொழிற்சாலை வரும். அங்கே பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் ஓடையை ஒட்டி மட்டமாகப் போனால் மேற்கணக்கு. வலது பக்கம் வளைந்து வளைந்து மூன்று கட்டை ஏறினால் கீழ்க்கணக்கு, நாங்கள். எங்களுக்கு மேலே காடு, காட்டுக்கு மேலே மேகம், அவ்வளவுதான். கீழே மேற்கணக்கில் வெயில் அடிக்கிற நாளில்கூட எங்கள் துணி காயாது. தை மாதத்து விடிகாலைப் பனி கொழுந்தைக் கருக்கிவிடும்.

ஏன் இந்தத் தலைகீழ்ப் பெயர் என்பதற்கு ஆளுக்கொரு கதை. துரை குடித்துவிட்டுப் பெயர் வைத்தான் என்பார்கள் சிலர். கணக்கப்பிள்ளை மாற்றி எழுதிவிட்டார் என்பார்கள் சிலர். நான் ஹட்டனில் ஒரு பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். ஒரு கடிதம் வாங்குவதற்காகத் தோட்டத்து ஆபீசுக்குப் போனபோது சுவரில் பழைய நில அளவைப் படம் ஒன்று தொங்குவதைப் பார்த்தேன். படத்தில் வடக்கு மேலே, தெற்கு கீழே. மேற்கணக்கு தோட்டத்தின் வடக்கு ஓரம், நாங்கள் தெற்கு ஓரம். யாரோ ஒரு வெள்ளைக்காரன் மலையைப் பார்க்காமல் தாளைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறான். அன்று முழுக்க எனக்கு அந்த ஆள்மேல் அப்படி ஒரு ஆத்திரம். வீட்டுக்கு வந்தும் அதையே புலம்பினேன்.

"அவன் செத்து எத்தன காலமாச்சு, இன்னும் அவனோட என்ன சண்ட? போயி அடுப்பப் பாரு டீச்சரம்மா," என்றார் மதினி.

மதினி என் அண்ணனின் மனைவி. என்னைவிட ஆறு வயது மூத்தவர். அண்ணன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவார். அதனால் லயத்து வீட்டில் பெரும்பாலும் நானும் மதினியும்தான். அவர் விடிந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போவார், நான் சேலையைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அவருக்கு வாய் நீளம். சண்டை போடுவோம், அரை மணி நேரத்தில் ஒரே தட்டில் ரொட்டி பிய்த்துத் தின்போம். அவர் என்னை டீச்சரம்மா என்பது கிண்டலா பெருமையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அது ஒரு சனிக்கிழமை. எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். காட்டிலிருந்து வருகிற தண்ணீர் பீலி வழியாக விழுகிற அந்த இடத்திலிருந்து பார்த்தால் எதிரே ஏழாம் நம்பர் தேயிலை மலை முழுக்கத் தெரியும். மலையில் பெண்கள் வரிசையாக நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். தூறல் விட்டிருந்தது. திடீரென்று ஒரு குரல்.

"குளவி கலைஞ்சிருச்சு! படுங்க! படுங்க!"

மலையில் இந்த வார்த்தையைக் கேட்டால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. டர்பன்டைன் மரத்தில் கூடு கட்டியிருந்த குளவிகள் கலைந்துவிட்டன. பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையை மூடிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு அடியில் விழுந்தார்கள். ஒரே ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். கூடையின் கயிறு தலையில் மாட்டிக்கொண்டு கழற்ற முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தாள். அந்தச் சிவப்புக் கம்பளிச் சட்டை எனக்குத் தெரியும். காலையில் நான்தான் அதற்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தேன்.

ஐயோ, என் மதினி! துணியைப் போட்டது போட்டபடி ஓடினேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் கங்காணியும் இரண்டு ஆட்களும் புகை போட்டுக் குளவியை விரட்டி, மதினியைத் தூக்கிவந்து மடுவத்து வாங்குப் பலகையில் கிடத்தியிருந்தார்கள். முகம் அவருடைய முகமாக இல்லை. கண் இரண்டும் மூடி வீங்கியிருந்தன. கழுத்து முழுக்கக் கொடுக்குகள். இன்னொரு பெண் நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். "தொண்ட... தொண்ட அடைக்குது புள்ள," என்றார் மதினி. அது எனக்கு விளங்கியது. தொண்டை வீங்கினால் மூச்சு நிற்கும். ஊசி ஒன்று போட வேண்டும், அது எங்கள் கணக்கில் கிடையாது. எப்படியாவது, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

எங்கள் லயத்துப் பக்கம் போன் எடுக்காது. பீலிக்கரைக்கு மேலே ஒரு பாறை உண்டு, அதில் ஏறி நின்றால் இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும். ஏறினேன். அம்புலன்ஸுக்கு அடித்தேன். எடுத்தவர் சிங்களத்தில் பேசினார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், அதில் கொஞ்சம் திமிரும் உண்டு. தோட்டத்தின் பெயரைச் சொன்னேன், குளவி கொட்டிவிட்டது, மூச்சு முட்டுகிறது, ஒரு பெண், முப்பத்தொன்பது வயது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"உடத, பல்லெஹாத?" என்று கேட்டார். மேலேயா, கீழேயா என்று அர்த்தம்.

"உட. உடம," என்றேன். மேலே, உச்சியிலே.

அவர் ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை, நானும் பொய் சொல்லவில்லை. தமிழில் மேற்கணக்கா, கீழ்க்கணக்கா என்று கேட்டிருந்தால் என் வாய் தானாகவே கீழ்க்கணக்கு என்று சொல்லியிருக்கும். சிங்களத்தில் எனக்கு அது பெயராகக் காதில் விழவில்லை, வெறும் மேலே கீழே என்றுதான் விழுந்தது. மலை உச்சியில் பாறைமேல் நின்றுகொண்டு நான் எப்படிக் கீழே என்று சொல்வேன்? வண்டி புறப்பட்டுவிட்டது என்றார். போனை இடுப்பில் செருகிக்கொண்டு மடுவத்துக்கு இறங்கி ஓடினேன்.

மடுவத்து வாசலில் கொழுந்து லொறி நின்றது. காலை நிறுவைக்கு வந்த லொறி, சரியாக அந்த நேரத்துக்கு வந்து நின்றது. டிரைவர் எங்கள் அண்ணனோடு படித்தவர். அவர் ஏற்கெனவே பின்பக்கப் பலகையைத் திறந்துவிட்டிருந்தார்.

"டீச்சர், ஏத்துங்க. சாக்க எல்லாம் எறக்கிருவோம். இருவது நிமிசத்துல ஸ்டோருக்குப் போயிருவேன், அங்கருந்து வேன் ஒண்ணு புடிச்சிரலாம். எங்கயும் நிப்பாட்டாமப் போறேன்."

தொழிற்சாலையைத்தான் எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்பார்கள். அங்கே எப்போதும் இரண்டு மூன்று வேன்கள் நிற்கும். அவர் சொன்னது நடக்கக்கூடிய காரியம்.

இந்த இடத்தை எழுதும்போது எனக்குக் கை வரவில்லை. என் அப்பாவை ஒரு தடவை அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், கொழுந்துச் சாக்குகளின்மேல் கிடத்தி. நானும் கூடப் போனேன், எனக்குப் பதினொரு வயது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவர் வேட்டியெல்லாம் பச்சைக் கறை. அங்கே நின்ற ஒருத்தர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். அந்த முகத்தை நான் மறக்கவேயில்லை. பெரியவளாகி, வேறொரு தோட்டத்தில் ஒரு நோயாளியை லொறியில் ஏற்றுகிற படம் ஒன்று முகநூலில் சுற்றியபோது, அதைப் பகிர்ந்து நானும் எழுதினேன்: நாங்கள் மனிதர்களா, கொழுந்து மூட்டைகளா? எத்தனையோ பேர் பாராட்டினார்கள். அந்த வாக்கியம் எனக்கே மிகவும் பிடித்துப்போனது.

அதையே டிரைவரிடமும் சொன்னேன்.

"அம்புலன்ஸ் கெளம்பிருச்சுண்ணே. அதுல ஒக்ஸிஜன் இருக்கு, ஊசி இருக்கு. ஒங்க லொறில போட்டுக் குலுக்கிக் கொண்டுபோக இவங்க என்ன கொழுந்து மூட்டையா?"

டிரைவர் கங்காணியைப் பார்த்தார். கங்காணி கொடுக்கு எடுத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார். யாருக்கும் மனசில்லை, எனக்கு அது தெரிந்தது. ஆனால் டீச்சர் பேசிவிட்டாள்.

"டீச்சர் சொல்றதும் சரிதாம்பா," என்றார் கங்காணி. "அவங்க சிங்களத்துல எல்லாம் வெவரமாப் பேசிட்டாங்க. நீ போ."

லொறி சாக்குகளை ஏற்றிக்கொண்டு இறங்கிப் போனது. அப்பா அந்தமாதிரி ஒரு லொறியில் போய்த்தான் பிழைத்து வந்தார் என்பது அன்று எனக்கு ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை.

காத்திருந்தோம். மதினியின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். முதலில் அவர் முனகினார். கொஞ்ச நேரம் கழித்து மூச்சு இழுக்கும்போது ஒரு கீச்சுச் சத்தம் வரத் தொடங்கியது. "இந்தா வந்துரும் மதினி, இந்தா வந்துரும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சந்தியிலிருந்து வண்டி ஏறினால் கடைசி வளைவில் சத்தம் கேட்கும். எல்லோரும் அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தோம். மேகம் இறங்கி வளைவை மூடியது. அரை மணி நேரம் போனது. முக்கால் மணி போனது. மதினியின் நகங்களைப் பார்த்தேன், நீலம் பாரித்திருந்தன.

தலையைக் கொடுக்கு எடுத்த பெண்ணின் மடிக்கு மாற்றிவிட்டுப் பாறைக்கு ஓடினேன். ஏறி நின்றதும் போன் துடித்தது. வரிசையாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாக, தவறிய அழைப்புகள். எல்லாம் ஒரே நம்பர். திருப்பி அடித்தேன். அம்புலன்ஸ் டிரைவர் எடுத்தார். நல்ல மனிதர், பதற்றத்தில் அவருக்கே மூச்சு வாங்கியது. நாங்கள் வந்து வெகுநேரமாகிவிட்டது மிஸ், கோயிலடியில் நிற்கிறோம், இங்கே யாரையும் குளவி கொட்டவில்லை என்கிறார்கள், நோயாளி எங்கே?

எந்தக் கோயில் என்று கேட்டேன். ஓடைப் பக்கத்துக் கோயில் என்றார்.

மேற்கணக்கு!

அடிப்பாவி, என்ன செய்தாய் என்று என்னையே சத்தம் போட்டுத் திட்டினேன். மேலே என்றதும் அவர்கள் மேற்கணக்குக்குத்தானே போவார்கள்? தோட்டத்துப் பலகையில் சிங்களத்தில் மேற்கணக்கை உட என்றுதானே எழுதியிருக்கிறது? வண்டி அங்கிருந்து தொழிற்சாலைக்குத் திரும்பி, மறுபடி மூன்று கட்டை அந்தக் குண்டும் குழியுமான பாதையில் ஏறி வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். குறுக்குப் பாதையில் நடந்து இறங்கினால் எங்களுக்கும் மேற்கணக்குக்கும் இருபது நிமிடம். நாங்கள் தூக்கிக்கொண்டு வருகிறோம், நீங்களும் பையை எடுத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் ஏறி வாருங்கள், யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள் என்று கத்தினேன்.

லயத்திலிருந்து ஒரு கம்பளியைக் கொண்டுவந்து மதினியை அதில் கிடத்தினோம். நாலு மூலைக்கு நாலு பேர். நான் தலைமாட்டில். குறுக்குப் பாதை என்பது பாதையே இல்லை, தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்குகிற கற்கள். தூறலில் கற்களில் பாசி. ஒருத்தர் சறுக்கினால் நாலு பேரும் விழுவோம். "பாத்து, பாத்து, கால ஊண்டி வைய்யி," என்று கங்காணி முன்னால் சொல்லிக்கொண்டே போனார். மதினியின் கீச்சுச் சத்தம் ஒவ்வொரு அடிக்கும் மெலிந்துகொண்டு வந்தது. சத்தம் இருந்தால் மூச்சு இருக்கிறது. நான் பாதையைப் பார்க்கவில்லை, அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு இறங்கினேன். மூன்றாம் நம்பர் மலைக்கு வந்தபோது சத்தம் நின்றுவிட்டது.

"நிக்காதீங்க!" என்று அலறினேன். "ஐயோ, நிக்காதீங்க!"

அதே நேரத்தில் கீழிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் அம்புலன்ஸ் டிரைவர், இன்னொருத்தி பையை முதுகில் மாட்டிய ஒரு சிங்களப் பெண். செடிகளுக்கு நடுவிலேயே கம்பளியை இறக்கச் சொன்னாள். தொடையில் ஊசி போட்டாள். மூக்கில் முகமூடி வைத்து ஒரு பையை அமுக்கினாள். மதினியின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றோம். கங்காணி கைகூப்பிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நெஞ்சு ஒரு தடவை ஏறியது. பிறகு இன்னொரு தடவை. அந்தப் பெண் தலையை ஆட்டினாள். நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

கோயிலடிக்குத் தூக்கிப்போய் வண்டியில் ஏறும்போது டிரைவர் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார், "மிஸ் உட கிவ்வா நே?" மேலே என்றுதானே சொன்னீர்கள் என்று. கோபமே இல்லாமல் கேட்டார். "ஒவ்," என்றேன். ஆமாம்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் மதினியைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று சொல்லி ஒரு தாதி மீதியைச் சொல்லாமல் விட்டாள். அண்ணன் அன்று மாலையே கொழும்பிலிருந்து வந்துவிட்டார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ மட்டும் இல்லேன்னா என் பொண்டாட்டி போயிருப்பாம்மா," என்றார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். டீச்சர் போன் பண்ணியதால் பிழைத்தாள், டீச்சருக்குச் சிங்களம் தெரிந்ததால் பிழைத்தாள். கங்காணியும் அப்படித்தான் சொன்னார், மடுவத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்த மனிதர். லொறியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அவர் எனக்காகத்தான் மறைத்தார் என்பது எனக்குத் தெரியும், அது இன்னும் கொடுமையாக இருந்தது. ஒவ்வொரு பாராட்டுக்கும் தலையைத் தலையை ஆட்டினேன்.

மூன்றாம் நாள் மதினியை வார்டுக்கு மாற்றினார்கள். முகம் பாதி வடிந்திருந்தது. ஒரு கண் திறந்திருந்தது. அண்ணன் டீ வாங்கக் கடைக்குப் போயிருந்தார். கட்டிலடியில் உட்கார்ந்து, இனியும் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். மேலே என்று சொன்னதைச் சொன்னேன். அதைக் கேட்டு மதினி, வீங்கிய உதட்டோடு சிரிக்கக்கூடச் செய்தார்.

"பெரிய டீச்சர். சொந்தக் கணக்கு பேரு தெரியல."

பிறகு லொறியைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"எந்த லொறி?"

"கொழுந்து லொறி மதினி. மடுவத்துல வந்து நின்னுச்சு. டிரைவர் அண்ணன் ஏத்துங்கன்னாரு. நான்தான் வேணாம்னு அனுப்பிட்டேன்."

"ஏன்?"

"ஒங்கள... மூட்டை மாதிரி கொண்டுபோறதுக்கு எனக்கு..."

அவர் அந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பேசினார். சத்தம் போடவில்லை, சத்தம் போட அவருக்குத் தொண்டை இல்லை.

"எனக்கு மூச்சு போகுது. ஒனக்கு வெக்கம் வந்துருச்சா?"

"மதினி..."

"மழை பேஞ்சா நான் அந்த லொறில ஏறித்தாண்டி வீட்டுக்கு வாறேன். சாக்கு மேலதான் ஒக்காந்து வாறேன். எனக்கு அதுல ஒரு வெக்கமும் இல்ல. வெக்கம் ஒனக்கு. ஒனக்கு வெக்கமா இருந்தா நீ பின்னால நடந்து வந்திருக்கலாம்ல? என்னய ஏத்திவிட்டுட்டு நீ நடந்து வந்திருக்கலாம்லடி?"

அவர் என்னை அதற்கு முன் ஒருநாளும் டி போட்டுப் பேசியதில்லை. அழுகை வந்தது, அவர் முன்னால் அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அண்ணன் மூன்று பிளாஸ்டிக் கோப்பைகளோடு உள்ளே வந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அழுவதைப் பார்த்து அவருக்கும் கண் கலங்கியது.

"அழுவாதம்மா. எல்லாம் சரியாப் போச்சுல்ல," என்றவர் மதினியிடம் திரும்பினார். "இவதான் ஒன்னக் காப்பாத்துனா, தெரியும்ல?"

மதினி என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார். அண்ணன் கோப்பையை நீட்டினார். நான் வாங்கி, டீயைக் குடித்தேன்.